பிணத்துக்கும் பூட்டு: எடின்பரோவில் ஒரு காலை

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் மூன்றாம் நாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்துக்கு நடந்தேன்.

தெருமுனையிலேயே பாபி என்கிற நாயின் சிலை. எசமானர் 1858-இல் இறந்த பிறகு, அவர் கல்லறையைவிட்டு நகராமல் 14 ஆண்டுகள் காத்துக் கிடந்ததாம். அதன் மூக்கைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, தடவித் தடவி மூக்கு மட்டும் பளபளவென்று மின்னுகிறது. வாசலைத் தாண்டினால் அதற்கு 1981-இல் வைத்த நினைவுக்கல்லும் உண்டு. கல்லின் அடியில் சின்னச் சின்னக் குச்சிகள் குவிந்துகிடந்தன. பாபி கவ்விக்கொண்டு ஓடி விளையாடட்டுமாம்!

ஊருக்குள் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்து இடுகாட்டில் இடமில்லாமல் போனதால், சாம்பல்நிற அங்கித் துறவிகளின் மடம் இருந்த இந்த நிலத்தை 1562-இல் மேரி அரசி கொடுத்தார். தேவாலயம் 1620-இல்தான் வந்தது. சுவரோரக் கல்லறைகளில் மண்டையோடு, குறுக்கெலும்பு, மணற்கடிகாரம் என்று செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு இரும்புக் கூண்டின் முன்னால். கல்லறையை அப்படியே மூடி, தரையோடு தரையாகக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். துருவேறிய கம்பிகளில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கின. உள்ளே புல் மட்டும். செத்தவர் எழுந்து வந்துவிடுவார் என்ற பயத்தில் போட்டதல்ல இது. வெளியே இருந்தவர்களுக்குப் பயந்து போட்டது. அந்தக் காலத்தில் உடற்கூறு வகுப்புகளுக்குப் பிணம் போதாது; புதைத்த அன்றிரவே தோண்டி எடுத்து விற்க ஆட்கள் இருந்தார்கள். உடல் அழுகிவிட்டால் யாருக்கும் வேண்டாம். ஆக, சில வாரங்கள் காப்பாற்றினால் போதும். பர்க், ஹேர் என்ற இருவர் 1828-இல் தோண்டுகிற வேலைகூட வேண்டாம் என்று 16 பேரைக் கொன்றே விற்றார்கள். வகுப்புகளுக்கு முறைப்படி பிணம் கிடைக்க 1832-இல் சட்டம் வந்த பிறகுதான் இந்த வியாபாரம் படுத்தது.

அப்புறம் தெற்கு மூலைக்குப் போனேன். அங்கே ஒரு இரும்புக் கதவு, பூட்டியிருந்தது. அரசர் சொன்ன திருச்சபை முறையை ஏற்காத கவனண்டர்கள் என்கிற ஸ்காட்லாந்துக் கிறிஸ்தவர்கள், 1679-இல் போரில் தோற்றுப் பிடிபட்டதும், சுமார் 1,200 பேரை இந்தப் பக்கத்தில் திறந்தவெளியில் அடைத்துவைத்தார்கள். கடைசிவரை அங்கே எஞ்சியவர்களை நாடுகடத்தக் கப்பலேற்ற, அதுவும் ஆர்க்னி தீவுகள் அருகே உடைந்து பெரும்பாலோர் மூழ்கிப்போனார்கள். அவர்களைக் கொடுமையாக வேட்டையாடிய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்சிக்கோ, இதே வளாகத்தில் கூரை போட்ட வட்டமான கல் மண்டபம்!

உண்மையில் நான் தேடி வந்தது ஜேம்ஸ் ஹட்டனை. பாறைகளைப் பார்த்தே பூமியின் வயது கணக்குக்கு அடங்காது என்று சொன்னவர். 1797-இல் இறந்தார், 1947 வரை அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை. அப்போது வைத்த பெயர்ப்பலகையும் பூட்டிய கதவுக்கு உள்ளேதான். கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஈரப் பாதையும் வரிசையாகக் கல்லறைகளும்தான் தெரிந்தன. திரும்பி வரும்போது ஒரு சிறுமி, பாபிக்குப் பொருத்தமான குச்சியைத் தேடி மரத்தடியில் மும்முரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.