செடியைச் சுற்றி வளைந்து போகும் வரிகள்

வாய்னிச் கையெழுத்துப் பிரதி, இதுவரை யாராலும் படிக்க முடியாத எழுத்தில் எழுதிய பழைய படநூல். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கோ அதன் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம் எல்லாப் பக்கங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

மூலிகைப் பகுதியில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு செடி. வேர் முதல் பூ வரை தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. எழுத்து மிச்சமிருக்கும் இடத்தில் ஓடுகிறது. தண்டு குறுக்கிட்டால் வரி அங்கே நின்று, மறுபக்கம் தொடர்கிறது. அப்படியென்றால் படம்தான் முதலில்! கோட்டோவியம் நேர்த்தியானது, வண்ணம் மட்டும் அவசரமாக அப்பியதுபோல் கோட்டைத் தாண்டி வழிகிறது. இரண்டும் ஒரே கையின் வேலை என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு ராசிச் சக்கரங்கள், பச்சைக் குளங்களில் நிற்கும் பெண்கள். எனக்கு மிகப் பிடித்தது ஆறு பக்க அளவுக்கு விரியும் மடிப்புத் தாள். ஒன்பது வட்டங்கள், அவற்றினிடையே தகைவிலான் குருவியின் வால்போல் பிளந்த மதில்முகடுகள் கொண்ட சிறு கோட்டை. கடைசிப் பகுதியில் படமே இல்லை. பத்திக்கொரு நட்சத்திரம் ஓரத்தில்.

தோல்தாள் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்கிறது கார்பன் சோதனை. தாள் எண்கள் 116 வரை போகின்றன. இடையில் சில தாள்களைக் காணவில்லை. புதிர் எப்போது அவிழும் என்பதைவிட, அந்தத் தாள்களில் என்ன செடி வரைந்திருந்தார்கள் என்பதே என்னைத் தூங்கவிடாத கேள்வி.