கிளார்க் வேலைதான், நானே விரும்பி எடுத்தது

போன மாதக் கடைசியில் ஒரு மாலை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஏற்றிய கணக்கும் வவுச்சர்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை. 63 உதைத்தது. மூன்று முறை முதலிலிருந்து சரிபார்த்துவிட்டான்.

"அக்கா, இதையெல்லாம் யாராவது விரும்பிச் செய்வாங்களா?" என்றான்.

"முதல்ல 63ஐ 9ஆல் வகுத்துப் பாரு."

"ஏழு."

"மீதி வரலைல்ல? அப்போ ஏதோ ஒரு வவுச்சர்ல பக்கத்துப் பக்கத்து எண் ரெண்டை இடம் மாத்தி அடிச்சிருக்கலாம். அந்த ரெண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 7 இருக்கும். 18, 81, 29, 92, 07, 70 இப்படி முடியறதை மட்டும் எடுத்துப் பாரு."

பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டான். 4,218 என்று இருந்ததை 4,281 என்று அடித்திருந்தான்.

இது மந்திரமில்லை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வருகிற வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் இருக்கும். 9ஆல் வகுபடவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகைக்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தால் அங்கே மாட்டும். இந்த இரண்டும் பல தலைமுறை கிளார்க்குகள் கைமாற்றிக் கொடுத்த வித்தை. எனக்கு என் தலைமை எழுத்தர் சொல்லிக் கொடுத்தார். நான் அந்தப் பையனுக்குச் சொன்னேன்.

கணக்கு முடிந்து அவன் கிளம்பிப் போய்விட்டான். அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஆமாம், விரும்பித்தான் செய்கிறேன். 19 வருடமாக.

பொது அலுவலக எழுத்தர் என்றால் என்ன வேலை என்று உறவினர்கள் யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல வராது. கடிதம் வந்தால் பதிவது, போனால் பதிவது, கோப்பில் சேர்ப்பது, தட்டச்சு, பில் சரிபார்ப்பது, வருகைப் பதிவு, ஸ்டேஷனரி இருப்பு, தொலைபேசி, யாருக்கும் எது எங்கே என்று தெரியாதபோது எடுத்துக் கொடுப்பது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் ஒரு அலுவலகத்தில் கிளார்க் இரண்டு வாரம் விடுப்பில் போய்வந்த பிறகு அவர் மேசையைப் போய்ப் பாருங்கள்.

நான் தற்காலிகமாகத்தான் உள்ளே வந்தேன். முதலில் சேர்ந்த இடத்தில் எட்டு மாதம்கூட நிற்கவில்லை. 'பொது' என்ற சொல்லுக்கு அங்கே, வேறு யாரும் செய்யாத வேலையெல்லாம் என்று அர்த்தம். முதலாளி வீட்டுச் சொந்த வேலை வரைக்கும் என் மேசைக்கு வரும். எனவே இந்த வேலைக்கு வரும் யாருக்கும் நான் சொல்லும் முதல் விஷயம்: சேரும் முன் உங்கள் வேலைகள் என்னென்ன என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் உங்களால் நிம்மதியாக ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியாது.

அடுத்து வந்த இந்த அலுவலகத்தில்தான் அந்தத் தலைமை எழுத்தர் கிடைத்தார். நாங்கள் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். தபால் வந்தால் அவர் முதலில் படிக்க மாட்டார். உறையைப் பிரித்து, தாளைத் திருப்பி, பின்பக்கம் தேதி முத்திரை குத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, பதிவேட்டில் எண் கொடுத்து, அதன் பிறகுதான் முன்பக்கம் திருப்புவார். "படிச்சா அதுல மனசு போயிடும்மா. மனசு போனா எண் விட்டுப்போயிடும்" என்பார். உள்ளே என்ன அவசரம் இருந்தாலும் அந்த வரிசை மாறாது. கோபக் கடிதம், பாராட்டுக் கடிதம், விளம்பரத் துண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.

அவர் மேசையில் ஒரு சின்னத் தராசு இருக்கும். வழக்கமான ஏ4 தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம். 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே ஒரு தாள் 5 கிராம். இணைப்புகளோடு போகும் கடிதத்தை ஒட்டிய பிறகு தராசில் வைப்பார். ஏழு தாள் போக வேண்டிய உறையில் உறையின் எடை நீங்கலாக 30 கிராம்தான் காட்டினால், ஒரு இணைப்பு மேசையிலேயே கிடக்கிறது என்று அர்த்தம். உறையைக் கிழிக்காமலே கண்டுபிடித்துவிடுவார். அதை முதன்முதலில் பார்த்த அன்றுதான் இந்த வேலையில் இருந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம். நாற்பது பேரின் வங்கிக் கணக்கு எண்களை எக்செலில் ஏற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் 16 இலக்கம். அடித்து முடித்துப் பார்த்தால் கட்டங்களில் பாதி எண், ஒரு 'இ', ஒரு கூட்டல் குறி என்று என்னவோ தெரிந்தது. அமைப்பை எண் என்று மாற்றினேன். முழு எண்ணும் தெரிந்தது. சரி, முடிந்தது என்று அனுப்பிவிட்டேன். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கத்தைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். நாற்பது பேரில், உண்மையிலேயே பூஜ்ஜியத்தில் முடிந்த நாலைந்து பேருக்கு மட்டும் சம்பளம் போனது. மற்றவர்களுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அடுத்த மூன்று நாளும் ஒவ்வொருவரும் என் மேசைக்கு வந்து நின்றார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. "மாசக் கடன் பிடிக்கிற தேதிம்மா" என்று ஒருவர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கணக்கு எண், கைப்பேசி எண், பூஜ்ஜியத்தில் தொடங்கும் பணியாளர் எண் எதுவாக இருந்தாலும், அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத்தான் தொடங்குவேன். அடித்த பிறகு மாற்றிப் பயனில்லை. போன இலக்கம் போனதுதான். ஏற்றி முடித்ததும் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒத்துப் பார்ப்பேன். திரையில் இருப்பது வெறும் எண் என்று அதன்பிறகு ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

கிளார்க் வேலையைத் தாழ்வாகப் பேசுகிறவர்களுக்குப் பதிலாகச் சிலர் உடனே ராமானுஜனைச் சொல்வார்கள். 1912இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்தார் என்பது உண்மைதான். ஐன்ஸ்டைனும் கிளார்க் என்பார்கள். அவர் 1902இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தது மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப வல்லுநராக. அது கொஞ்சம் வேறு வேலை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது பிடிப்பதில்லை. அவர்களைக் கொண்டாடுவது அந்த மேசைக்கு அப்பால் அவர்கள் செய்ததற்காக. மேசை வேலைக்கே மதிப்பு இருக்கிறது என்று நான் சொல்ல வருகிறேன். அன்று ராமானுஜன் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பேரேட்டைச் சரியாக எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவரைப் பற்றி நான் நினைப்பதுண்டு.

எனக்கு அந்த மதிப்பு புரிந்த நாள் ஒன்று உண்டு. ஒரு அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும். அவர் கணவர் பல வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இறந்துவிட்டார். அவர் இங்கே வேலை பார்த்ததற்கு ஒரு சான்று வேண்டும். கணினியில் பெயர் இல்லை. பழைய பணியாளர் பட்டியலிலும் இல்லை. "இல்லைன்னு எழுதிக் கொடுத்துடலாம்" என்று மேலாளர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அவர் எந்த வருடம் சேர்ந்தார் என்று கேட்டேன். "பெரியவன் பொறந்த வருஷம், மழைக்காலம்" என்றார். மகனின் வயதைக் கேட்டு வருடத்தைக் கணக்கிட்டு, அந்த வருடத்துத் தபால் பதிவேட்டைப் பதிவறையிலிருந்து எடுத்து வந்தேன். மூன்று மாதப் பதிவுகளை வரிவரியாக விரல் வைத்துப் படித்தேன். 'பணி கோரி விண்ணப்பம்' என்று ஒரு வரி. பெயர் அவருடையதுதான், முதலெழுத்து வேறு. தந்தை பெயரின் முதலெழுத்துக்குப் பதில் ஊர்ப் பெயரின் முதலெழுத்து. அதனால்தான் பட்டியலில் அகப்படவில்லை. பக்கத்தில் கோப்பு எண் இருந்தது.

கோப்பைப் பிரித்தால் முதல் தாளே அவர் கைப்பட எழுதிய விண்ணப்பம். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று நீல மையில், சாய்வாக. அந்த அம்மா சான்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாளை மேசையோடு வைத்து, கோட்டின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு, "அவருக்கு 'ற' இப்படித்தான் வரும்" என்றார். அசல் தாள் கோப்பை விட்டுப் போகக்கூடாது. ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். சான்று அடுத்த நாள் கையெழுத்தானது.

இனி வருமானம். சம்பளம் குறைவு. ஏறுவது மெதுவாகத்தான். என்னோடு சேர்ந்தவர்கள் விற்பனைப் பக்கம் போய் எங்கேயோ இருக்கிறார்கள். என்னையும் ஒருமுறை கூப்பிட்டார்கள். ஒரு வாரம் யோசித்து வேண்டாம் என்றேன். அன்றன்று தொடங்கிய வேலை அன்றே முடிந்தால் எனக்குத் தூக்கம் வரும். என் உடம்பும் மனமும் அப்படி. உங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால் இங்கே வாடிப்போவீர்கள், அதில் தப்பும் இல்லை. வேறு வேலை பாருங்கள்.

இயந்திரம் வந்து இந்த வேலையைத் தின்றுவிடும் என்கிறார்கள். ஒரு பங்கைத் தின்றுவிட்டது. தட்டச்சர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த அறைகள் இன்று இல்லை. இப்போது மென்பொருளே பில்லைப் படித்து நிரப்புகிறது, என்னைவிட வேகமாக. ஆகவே முன்னளவு பேருக்கு இந்த வேலை கிடைக்காது என்பதை இளையவர்களிடம் நான் மறைப்பதில்லை. ஆனால் போன வருடம் ஒரு பில் இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்தும் ஒரு கோடும் சேர்த்திருந்தார்கள். மென்பொருள் இரண்டையும் தனித்தனியாக ஏற்றுக்கொண்டது. அதே சரக்கு, அதே எடை, அதே வண்டி எண் என்று நான்தான் நிறுத்திவைத்தேன். அடிக்கும் வேலை குறைந்திருக்கிறது. சந்தேகப்படும் வேலை கூடியிருக்கிறது. அதற்கு அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கொள்முதல், சம்பளம், பதிவறை என்று இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பிரிவாகக் கேட்டு வாங்கி உட்காருங்கள். தானாக யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

கற்றுக்கொள்ள வேண்டிய சின்ன விஷயங்கள் நிறைய. வெப்பத்தாளில் அச்சான ரசீது நாளடைவில் வெளுத்துவிடும், வந்த அன்றே நகல் எடுத்துவிட வேண்டும். கணினிக் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்க வேண்டும். 2024-03-07 என்று வைத்தால் எல்லாம் தானாகவே கால வரிசையில் நிற்கும். நாள் எண்ணை முதலில் வைத்தால் எல்லா மாதத்து ஏழாம் தேதியும் ஒன்றாகக் குவிந்து கிடக்கும்.

இந்த வாரம் பதிவறையின் பழைய கடிதங்களை ஸ்கேன் செய்கிறோம். 63 பையன்தான் உதவிக்கு. தேதியைப் பார்த்துப் பார்த்துப் பெயர் கொடுத்துக்கொண்டே வந்தவன் நேற்று ஒரு தாளோடு வந்து நின்றான்.

"அக்கா, இதுல தேதியே போடாம அனுப்பியிருக்காங்க. என்ன பேர் வைக்கிறது?"

"பின்பக்கம் திருப்பிப் பாரு" என்றேன்.

திருப்பினான். ஊதா முத்திரை, கொஞ்சம் மங்கலாக. பக்கத்தில் ஐயாவின் சுருக்கொப்பம்.