ரெண்டு ஸ்டூல்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 11 வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கால் மடங்கும், அப்புறம் இரவு ஒன்பதுக்கு.

ஆண்களும் நிற்கிறார்கள்தான். ஆனால் நாலு மணிக்கு வெளியே போய் டீக்கடை பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். நாங்கள் வாசல் பக்கம் திரும்பினாலே, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்பார் சூப்பர்வைசர். மாதவிலக்கு நாட்களில் கெண்டைக்கால் விண்ணென்று தெறிக்கும். பட்டுச்சேலையை விரித்துக் காட்டுகிற சாக்கில் மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொள்வேன்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அந்தச் செய்தித்தாளை வெட்டி வைத்து மூன்று முறை கேட்டேன். "கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" இதுதான் பதில்.

ஒருநாள் வேட்டிப் பிரிவு அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கும் முட்டி வலிக்குது சார், அந்தப் பொண்ணு கேக்குறது நியாயந்தானே" என்றார். மறுவாரமே ரெண்டு ஸ்டூல் வந்தன. அவர் மேல் எனக்கு அவ்வளவு நன்றி. ஆனால் நான் மூன்று முறை சொன்னது ஏன் காதில் விழவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆறு பேருக்கு ரெண்டு ஸ்டூல். கர்ப்பமாக இருக்கிற தங்கச்சிக்கு ஒன்றை நிரந்தரமாக விட்டுவிட்டோம். இன்னும் நாலு வேண்டும். திங்கட்கிழமை முதலாளியிடமே நேராகக் கேட்கப்போகிறேன்.