நல்ல மருந்தை ஏன் நிறுத்தச் சொன்னீங்க?

"மேடம், அம்மாவுக்குப் போடுற நல்ல மருந்தை நிறுத்தச் சொன்னீங்களாமே? காசுக்காகன்னா சொல்லுங்க, நாங்க கட்டிடுறோம்."

ஐ.சி.யூ. வாசலில் அந்த மகன், ஆஸ்பத்திரி ஃபார்மசிஸ்டான என்னிடம் கேட்டது இன்னும் மனசை அரிக்கிறது.

சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, பி.பி. விழுந்த நிலையில் வந்தவர் அந்த அம்மா. கிருமியைக் கண்டுபிடிக்க ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு, மெரோபெனம் என்ற பலமான ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருந்தால் ஆள் பிழைப்பதே சந்தேகம். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது: ஈ.கோலை என்ற கிருமி, அதைவிடச் சாதாரண ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரியாக்சோனுக்கே கட்டுப்படும். நம் ஊரில் இப்படி வருவது குறைவு, பெரும்பாலும் ஈ.எஸ்.பி.எல்., அதாவது செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளுக்குக் கேட்காத வகை என்றுதான் வரும். ஜுரமும் இறங்கியிருந்தது. எட்டு மணி நேரத்துக்கொரு முறை போகும் மெரோபெனத்தை நிறுத்தி, தினம் ஒரு ஊசி செஃப்ட்ரியாக்சோனுக்கு மாற்றலாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் அவ்வளவுதான் செய்ய முடியும்.

"ஏம்மா, நல்லா தேறிட்டு வர்றாங்க. இப்ப மாத்தி, ராத்திரி மறுபடி குளிர்ஜுரம் வந்தா அந்தப் பையனுக்கு நீ பதில் சொல்வியா?"

"ரிப்போர்ட் தெளிவா இருக்கு சார்."

"ரிப்போர்ட் இருக்கும்மா. கேஸ் என் பேர்ல இருக்கு."

அவர் அக்கறையில்லாத டாக்டர் இல்லை. நடுராத்திரி கூப்பிட்டாலும் வருகிறவர். ஏதாவது ஆனால் உறவினர்கள் சட்டையைப் பிடிப்பது அவரைத்தான், என்னை இல்லை. அதை நினைத்தால் என் வாதம் பாதி கரைந்துவிடுகிறது. மீதிப் பாதி கரைய மறுக்கிறது.

மகனிடம், "காசுக்காக இல்லைங்க. இந்தக் கிருமி, நான் சொல்ற மருந்துக்கும் இதே அளவு கேட்கும். இப்ப போடுற மருந்து, வேற மருந்துக்குக் கேட்காத கிருமிக்கு வேணும்" என்றேன். தலையாட்டிவிட்டு நேரே டாக்டர் அறைக்குப் போனார். வேற யாருக்கோ வேணும் என்று அவர் அம்மாவின் மருந்தை நான் பிடுங்குவதாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மெரோபெனம் முழு கோர்ஸும் போனது. அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். செஃப்ட்ரியாக்சோனிலும் போயிருப்பார் என்று நம்புகிறேன், நிரூபிக்க வழியில்லை. மெரோபெனம் குடலில் இருக்கும் சாதாரணக் கிருமிகளைத் துடைத்துவிட்டு, அதற்கு அடங்காத க்ளெப்சியெல்லா போன்ற கிருமிகளுக்கு இடம் விடுகிறது. அது கை வழியாக, கட்டில் கம்பி வழியாக, யூரின் டியூப் வழியாக அடுத்த படுக்கைக்குப் போகும். அங்கே பெரும்பாலும் மிஞ்சுவது கோலிஸ்டின் மாதிரி, கிட்னியைப் பதம் பார்க்கும் மருந்து. அந்த நோயாளியின் மகன் யாரிடம் போய்க் கேட்பார்? எந்த கேஸ் ஷீட்டிலிருந்து அது வந்தது என்று யாராலும் காட்ட முடியாதே.

2014 மார்ச் முதல், அரசு கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கும் எச்1 பட்டியல் மருந்துகளுக்கு மருந்துக் கடையில் தனி ரிஜிஸ்டர் எழுத வேண்டும். மெரோபெனமும் அதில் உண்டு. ஆனால் வார்டில் அதைத் தடுக்க இருக்கும் ஒரே பூட்டு, என்னைப் போன்றவர் டாக்டருக்குப் போடும் ஒரு போன் கால்தான்.

இப்போதெல்லாம் முதல் நாளே வீட்டாரிடம் பேசிவிடுகிறேன்: "முதல்ல பலமானதைப் போடுறாங்க, கல்ச்சர் வந்ததும் டாக்டர் மாத்தலாம்." சில டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை, அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுக்கு நான் முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. வெளியே ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வருகிறவர்களுக்குப் பல நேரம் கல்ச்சரில் ஒன்றுமே வளர்வதில்லை. அப்போது "ரிப்போர்ட் வந்துடுச்சா, மாத்திட்டாங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.