கண்டலம: மலைக்கு வழிவிட்ட ஹோட்டல்

இலங்கையின் தம்புள்ளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எரிச்சல். கண்டலம ஹோட்டல் என்று சொன்ன மாத்திரத்தில் த்ரீவீலர்காரர் ரேட்டை ஏற்றிவிட்டார். பத்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு அநியாயக் காசு. அங்கே போகிறவன் எல்லாம் டாலரில் செலவழிப்பவன் என்று அவர் கணக்கு. கண்டியிலிருந்து நெரிசலில் நின்றுகொண்டே வந்தவனிடம் இந்தக் கணக்கு செல்லுமா? நீங்கள் போனால் போக, காத்திருக்க, திரும்ப எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசிவிட்டே ஏறுங்கள்.

மற்ற செலவு விவரம் அப்புறம். முதலில் அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கிட்டே போனாலும் கட்டடம் கண்ணில் படவில்லை! பாறையும் காடும்தான். குகை மாதிரி ஒரு நடைவழியில் நுழைந்து வெளியே வந்தால் எதிரே கண்டலம குளம், அதற்கப்பால் சிகிரியா பாறைக்கோட்டை. முதலில் சிகிரியா அடிவாரத்தில்தான் ஹோட்டல் கட்ட இடம் பார்த்தார்களாம். அதை வேண்டாமென்று சொல்லி இந்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தவர் ஹோட்டலை வடிவமைத்த இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா. 1994-ல் கட்டி முடித்தார்கள். முனைக்கு முனை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், ஆனாலும் மலையை வெட்டிச் சமப்படுத்தவில்லை. தூண்களின் மேல் நிற்கிறது. சரிவில் இறங்கும் மழைத்தண்ணீர் கட்டடத்துக்கு அடியில் ஓடிக் குளத்துக்குப் போகிறது. மொட்டைமாடிகளில் மண் போட்டுச் செடி வளர்த்திருக்கிறார்கள். முகப்பு முழுக்கக் கொடி.

நடைவழி ஒன்றில் பாறை சுவரைத் தாண்டி உள்ளேயே வந்து நிற்கிறது. தொட்டால் சில்லென்று ஈரம், இடுக்கில் பாசி. அந்தப் பக்கம் திறந்தே கிடப்பதால் மலைக்காற்று நேராக வீசுகிறது, ஏசியே தேவைப்படவில்லை. மேலே ஒரு பால்கனிக் கம்பில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குரங்கு கொடித்தளிரைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை. இருக்கிற மரத்தை வெட்டிவிட்டு வாசலில் நாலு தொட்டி வைத்துப் 'பசுமைக் கட்டடம்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும்.

கட்டும்போது பிக்குகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். குளம் கெட்டுப்போகும் என்ற அவர்கள் பயம் நியாயமானதுதான். இன்று கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கே விடுகிறார்கள். இருந்தும் என் கருத்து இதுதான்: இப்படிக் கேள்வி கேட்க ஆளில்லாத ஊரில் எந்தக் கட்டடக்கலைஞர் வந்தாலும் குளத்துக்குப் பாதுகாப்பு கிடையாது.

தங்குவதெல்லாம் என் பட்ஜெட்டுக்கு எட்டாது, ஒரு டீயோடு முடித்துக்கொண்டேன். சாப்பாடு தம்புள்ளை ரோட்டோரக் கடையில். சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, காரமான தேங்காய்ச் சம்பல். அந்தப் பலாக்காய்க் கறிக்காகவே இன்னொரு தடவை போகலாம்!

போகும் முன் ஹோட்டலுக்குப் போன் போட்டு, தங்காதவர்களை டீக்கோ சாப்பாட்டுக்கோ உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடி மூடிய முகப்பு குளத்துப் பக்கமிருந்துதான் முழுசாகத் தெரியும். வெயில் தாழ்ந்ததும் கரைக்குப் போய்விடுங்கள்.