முக்கொம்புப் பச்சோந்தியும் மூன்று மாதம் அலையவைத்த ஒரு தாளும்

ஜெர்மனியில் இருந்துகொண்டு ஜாக்சன் பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், விலங்கைக் கையில் வாங்குவதற்கு முன் அதன் பிறப்பிடச் சான்றைக் கையில் வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அந்தத் தாளில் இரண்டு வரிகள் விடுபட்டிருந்ததால் எனக்கு மூன்று மாதங்களும் மூன்று நாள் விடுப்பும் போயின.

வலைக்கூண்டு, புறஊதா விளக்கு, இலைகளில் நீர் சொட்டும் குழாய் எல்லாம் முன்கூட்டியே தயாராகிவிட்டன. கென்யாவின் மலைக்காட்டிலிருந்து வந்த இனம் என்பதால் இதற்குக் குளிர்ந்த இரவு கட்டாயம் வேண்டும். அதற்காக வடக்குப் பக்கத்து அறையையே ஒதுக்கினேன். ஒரு தனியார் வளர்ப்பாளரிடமிருந்து ஐந்து மாத ஆண் குட்டி வந்தது. மூக்கு நுனியில் ஒன்றும் கண்களுக்கு முன்னால் இரண்டுமாக, அரிசிமணி அளவில் மூன்று கொம்புகள் அப்போதுதான் முளைத்திருந்தன. அவர் எழுதிக் கொடுத்த ரசீதில் தேதி, தொகை, கையொப்பம் ஆகியவற்றோடு 'கூண்டில் பிறந்தது' என்றும் இருந்தது. அதுவே போதும் என்று நம்பிவிட்டேன்.

இந்த இனம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் வனவிலங்கு வணிக விதியின் 'பி' இணைப்பிலும் இருக்கிறது. ஜெர்மனியின் இனப் பாதுகாப்பு ஆணையின் 7ஆம் பிரிவுப்படி, வளர்க்கத் தொடங்கியதும் தாமதமின்றி எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். விலங்கு தொடர்பானது என்பதால் கால்நடை அலுவலகத்துக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு, இது தங்கள் வேலையில்லை, இயற்கைப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார்கள். எந்த அலுவலகம் பொறுப்பு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அலுவலகத்தில் இருந்த அதிகாரி ரசீதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: கூண்டில் பிறந்ததா, கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டதா? இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை என்றார், விளக்கமும் தரவில்லை, சான்றில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. முழுமையான சான்றுடன் வாருங்கள் என்று சொல்லி ரசீதை மேசையில் என் பக்கமாக நகர்த்தி வைத்தார். அந்த நேரத்தில் ஏற்பட்ட அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அடுத்த அலைச்சல் முழுவதும் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் அவருடைய கேள்வி சரியானது என்பதைப் பிறகு நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரும்பாலான பச்சோந்திகளைப் போல முட்டையிடாமல், ஜாக்சன் பச்சோந்தி குட்டி போடுகிறது. சினைக்காலமே பல மாதங்கள். காட்டில் சினையான தாயைப் பிடித்து வந்து கூண்டில் அடைத்தால், குட்டிகள் கூண்டில்தான் பிறக்கும். அவற்றைக் 'கூண்டில் பிறந்தவை' என்று விற்றால் சொல் பொய்யாகாது. ஆனால் ஒவ்வொரு ஈற்றுக்கும் காட்டிலிருந்து ஒரு தாய் போயிருக்கும். இதற்காகவே சைட்டீஸ் தாள்களில் கூண்டில் இனப்பெருக்கம் செய்ததற்கு 'சி' என்றும், அந்த வரையறைக்குள் வராமல் கூண்டில் பிறந்ததற்கு 'எஃப்' என்றும் தனித்தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள். சட்டப்படியான பிறப்பிடத்தை நிரூபிக்கும் பொறுப்போ விற்றவரிடம் இல்லை, வைத்திருப்பவரிடம் இருக்கிறது. வாங்கும்போது கேட்க வேண்டியது 'எங்கே பிறந்தது' என்பதல்ல. தாய் யார், தந்தை யார், அவை எங்கிருந்து வந்தன என்பதே.

விற்றவர் இரண்டு வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை. பிறகு அஞ்சலில் வந்த தாளில் பெற்றோர் விவரம் இல்லை. பெயரும் 'கமீலியோ' என்ற பழைய பேரினத்தில் இருந்தது. 2009இலிருந்து இந்த இனம் 'ட்ரையோசெரோஸ்' என்ற பேரினத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பத்தில் ஒரு பெயர், சான்றில் வேறு பெயர் என்று அதுவும் திரும்பி வந்தது.

மூன்றாவது முறை யாரையும் நம்பாமல் சான்றை நானே தட்டச்சு செய்தேன். இனத்தின் இன்றைய அறிவியல் பெயர், பிறந்த தேதி, பாலினம், எண்ணிக்கை, அடையாளம், வளர்ப்பாளர் முகவரி, தாய் விவரம், தந்தை விவரம் என்று கட்டம் போட்டு, ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போய்ச் சமையலறை மேசையில் வைத்து நிரப்பச் சொன்னேன். தாய் அவரிடமே பிறந்தது. தந்தையை வேறொரு வளர்ப்பாளரிடம் வாங்கிய தாள், அரை மணி நேரத் தேடலுக்குப் பிறகு ஒரு கோப்பின் அடியில் கிடைத்தது. அதன் நகலைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று வாரத்தில் பதிவுக் கடிதம் வீட்டுக்கு வந்தது.

பதிவோடு வேலை முடிந்துவிடவில்லை. விலங்கு வேறு கைக்குப் போனாலும், இறந்தாலும், அதன் இருப்பிடம் மாறினாலும் அறிவிக்க வேண்டும். போன மாதம் ஒரு பெண் பச்சோந்தியும் சேர்ந்திருக்கிறது. இந்த முறை சான்றைப் படித்த பிறகே பணத்தை எடுத்தேன். இணை சேர்ந்த தேதியையும் இரண்டின் பதிவு விவரங்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, கீழே குட்டிகளுக்கான கட்டங்களை இப்போதே போட்டு வைத்திருக்கிறேன்.