ரீஃப் போடப் பழகுகிறேன்: எட்டாவது ஞாயிறு

இன்று 3 நிமிடம் 40 விநாடி. முதல் ஞாயிறு 11 நிமிடம் ஆனது. பலத்த காற்றுக்குப் பாயின் பரப்பைக் குறைத்துக் கட்டுவதுதான் ரீஃப். மெயின் பாயைக் கொஞ்சம் இறக்கி, முதல் ரீஃப் போட்டுக் கட்டி முடிக்க எனக்கு ஆகும் நேரம் இது.

படகு கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவருடையது. 28 அடி, ஒற்றைப் பாய்மரம், மலேசியாவின் பேராக் கரையில் உள்ள லுமுட்டில் கட்டிக் கிடக்கிறது. சித்தியவானில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடலாம்.

மலாக்கா நீரிணையில் பாதி நாள் பாய் தொங்கிக் கிடக்கும், காற்றே இருக்காது. பயப்பட வேண்டியது 'சுமத்ராஸ்' வரும் நாளுக்குத்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இரவில் சுமத்ரா பக்கம் திரளும் இடிமழை, வரிசை கட்டி நீரிணையைத் தாண்டி விடியலை ஒட்டி இந்தக் கரைக்கு வந்து சேரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று வீசும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கியும் விடும்.

அப்பா கடலில் போனவர் இல்லை. ரப்பர் இருந்த காலத்தில் பால் மரம் வெட்டியவர். இருட்டில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் முன் வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். அங்கே சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்து, இங்கே ஓர் இலைகூட அசையாமல் இருந்தால், "இன்னைக்கு வெட்டு இல்லடா" என்பார். மரம் நனைந்தால் பால் கோப்பைக்கு வராது, பட்டையெங்கும் வழிந்து வீணாகும். அன்றைய கூலியும் போகும். அவர் பார்த்தது சுமத்ராஸைத்தான் என்று படகேறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. இப்போது அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் சாதுவாகப் போகும் படகு 20 நாட்டில் சாய்ந்து, மூக்கைக் காற்றுக்குள் திருப்பப் பார்க்கும். சுக்கானைப் பிடித்திருக்கும் கைக்கு அது முதலில் தெரியும். "ரெண்டு கையால இழுக்க வேண்டி வந்தா நேரம் தப்பிப்போச்சு தம்பி" என்பார் அண்ணன்.

எனக்கு 11 நிமிடம் ஆனதற்குக் காரணம் வரிசை தெரியாததுதான். முன் மூலையை மாட்டும் முன்பே பின் மூலையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். பாயின் அடியோரம் நீளும் கட்டையான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் கயிற்றைத் தளர்த்தவும் இல்லை. கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சை எவ்வளவு சுற்றினாலும் பாய் இறங்கி உட்காரவில்லை. இப்போது படகை ஹீவ் டூவில், அதாவது பாய்களை இறக்காமலே ஏறக்குறைய நிற்கும் நிலையில், நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன். முன்பாயான ஜிப்பின் கயிற்றை அவிழ்க்காமலே படகைத் திருப்பினால் ஜிப் எதிர்ப்பக்கம் காற்று வாங்கும். சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டால் படகு ஆட்டம் குறைந்து நிற்கும். பிறகு மெயின் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின் ஷீட்டையும் வேங்கையும் தளர்த்தி, பூம் தலையில் விழாமல் டாப்பிங் லிஃப்ட் கயிற்றால் தூக்கிக்கொள்கிறேன். பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஹேல்யார்டைக் குறிவரை இறக்கி, முன் மூலை வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஹேல்யார்டை மறுபடி விறைப்பாக ஏற்றுகிறேன். அதன் பிறகுதான் பின் மூலை. குறி என்பது ஹேல்யார்டில் நான் சுற்றிய சிவப்பு நூல். அது ஒன்றே இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தியது.

ஐந்தாவது ஞாயிறு பாயைக் கிழித்தேன். மடிந்த பகுதியைச் சுற்றி நான்கு சிறு கயிறுகள் கட்டுவோம். காற்று குறைந்ததும் மூன்றை அவிழ்த்துவிட்டு, நான்காவதை மறந்து பாயை வின்ச்சில் ஏற்றிவிட்டேன். அந்தக் கண்ணியிலிருந்து ஒரு சாண் நீளம் கிழிந்தது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. மெழுகு நூலால் இரண்டு மாலை உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். அந்தக் கயிறுகள் பாயைத் தாங்க அல்ல, தொங்கும் துணியைச் சுருட்டி வைக்க மட்டுமே. தளர்வாகக் கட்டினால் போதும். அவிழ்க்கும்போது இப்போது வாய்விட்டு எண்ணுகிறேன்.

ரீஃப் போட்டதோடு வேலை முடியவில்லை என்பதை ஏழாவது வாரம் கண்டேன். பங்கோர் தீவுக்குத் தெற்கே நல்ல காற்று. பாய் சுருங்கியும் படகு சாய்ந்தே போனது. பின் மூலைக் கயிறு தளர்ந்து, பாயின் அடிப்பகுதி பை போல உப்பியிருந்தது. பலத்த காற்றில் அந்த வயிறு வேகத்தைவிடச் சாய்வைத்தான் கூட்டும். கயிற்றை நன்றாக இழுத்ததும் பாய் தட்டையானது. ஜிப் கயிறு போகும் கப்பியையும் பின்னே தள்ளினோம். ஜிப்பின் மேல்பகுதி திறந்து காற்றைக் கொட்டியது. சுக்கான் ஒரு கைக்கு வந்தது.

பாதி சுருட்டிய ஜிப்புக்கு அதே கப்பியை முன்னே கொண்டுவர வேண்டும் என்கிறார் அண்ணன். அதை நான் இன்னும் காற்றில் செய்து பார்க்கவில்லை. இரண்டாம் ரீஃபின் கயிற்றுக்கு நீல நூல் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு, அப்பா "போ" என்றால், அதிலிருந்து தொடங்குவேன்.